மருந்தைத் தாங்கிய காலம்

மாத்திரை விழுங்கியதும் படுக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் புண்ணாக்கிவிடுமாம். முதல் மாதத்திலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை மறந்தேன். காலையில் இரண்டு இட்லி சாப்பிட்டு, மாத்திரையை ஒரு மடக்குத் தண்ணீரில் விழுங்கிவிட்டு, பாயில் சாய்ந்தவள் அப்படியே தூங்கிப்போனேன். எழுந்து எச்சில் விழுங்கியபோது மார்புக்கு நடுவே நெருப்புத் துண்டு ஒன்று இறங்குவது போலிருந்தது. அதன் பிறகு சில நாட்கள் ஆறிய கஞ்சிதான். அதையும் கண்ணை மூடிக்கொண்டுதான் குடிக்க முடிந்தது.

என் கணவர் கஞ்சியை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "மாட்டுக்கு மருந்து ஊத்தறப்ப அவ்வளவு சட்டம் பேசுவ. தலையை இப்படிப் பிடி, அப்படிப் பிடிம்ப. உனக்குன்னா ஒரு மடக்குத் தண்ணியா?"

நான் கால்நடை மருத்துவர். பாபநாசத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில், அரசு கால்நடை மருந்தகத்தில் வேலை. கணவர் சிங்கப்பூரில் சில வருஷம் கட்டட வேலை பார்த்துவிட்டுத் திரும்பி, தன் பங்கு நிலத்தோடு இன்னும் கொஞ்சம் குத்தகைக்கு எடுத்து நெல் போடுகிறார். அங்கே ஒரே அறையில் பத்துப் பேரோடு தங்கியிருந்தபோது சமையல் கற்றுக்கொண்டவர். அந்தச் சமையல்தான் பின்னால் என்னைக் காப்பாற்றியது என்று சொல்ல வேண்டும். எங்கள் மகள் கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

நோய் எப்போது தொடங்கியது என்று எனக்கே தெரியாது. சாயங்காலமானால் உடம்பு லேசாகக் கதகதக்கும். காலையில் சரியாகிவிடும். எடை குறைந்தது, நல்லதுதான் என்று நினைத்தேன். படி ஏறினால் மூச்சு வாங்கியது. வயதாகிறது என்று நினைத்தேன். சிறு வயதில் எனக்கு மூட்டுக் காய்ச்சல் வந்து இதயத்தின் ஒரு வால்வு கொஞ்சம் கெட்டுப்போயிருந்தது. அது பாட்டுக்கு இருந்தது, நான் பாட்டுக்கு இருந்தேன். இரவில் வேர்வையில் தலையணை நனைய ஆரம்பித்த பிறகுதான் கணவர் என்னைத் தஞ்சாவூருக்குக் கூட்டிப்போனார்.

அங்கே ஒரு மருத்துவமனையில் என்னைப் பார்த்த மருத்துவர் என்னைவிட இளையவர். ஸ்கேனில் வால்வின் மேல் கடுகு மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. ரத்தத்தைக் கண்ணாடிக் குப்பியில் வளர்த்துப் பார்த்தார்கள், ஒரு கிருமியும் முளைக்கவில்லை. அவர் ரிப்போர்ட்டுகளை மூடி வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"நீங்க என்ன வேலை பாக்கறீங்க மேடம்?"

சொன்னேன்.

"கடைசியா ஆட்டுக்குப் பிரசவம் எப்பப் பாத்தீங்க?"

எனக்குச் சிரிப்பு வந்தது. "நேத்து" என்றேன். அவர் சிரிக்கவில்லை. இன்னொரு முறை ரத்தம் எடுத்து வெளிமாநிலத்தில் இருந்த ஒரு ஆய்வகத்துக்கு அனுப்பினார்.

வந்த பெயர் எனக்குப் பழக்கமானதுதான். க்யூ காய்ச்சல். கல்லூரியில் அரைப் பக்கப் பாடம். தேர்வில் வந்தால் எழுதுவதற்கு. ஆட்டிலும் மாட்டிலும் நாயிலும் இருக்கும் கிருமி. உண்ணிகள் அதை ஒரு பிராணியிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகும். ஈனும்போது வரும் நீரிலும் நஞ்சுக்கொடியிலும் மண்டிக் கிடக்கும். காய்ந்த பிறகு தூசியோடு மூச்சில் ஏறும். பெரும்பாலானவர்களுக்கு ஒரு காய்ச்சலோடு போய்விடும். கெட்டுப்போன வால்வு இருந்தால் அங்கே குடியேறிவிடும்.

"உண்ணி கடிச்சு வந்ததா டாக்டர், பிரசவத்துல வந்ததா?" என்று கேட்டேன். அது தெரிந்தாக வேண்டும் போலிருந்தது.

"ரெண்டும் உங்க வேலைதானே மேடம். இனிமே கண்டுபிடிச்சு என்ன செய்யப்போறோம்" என்றார்.

இரண்டு மருந்துகள். ஒன்று, காலையும் இரவும் டாக்ஸிசைக்ளின். இன்னொன்று மலேரியாவுக்கும் மூட்டு வாதத்துக்கும் கொடுக்கிற மாத்திரை. ஒன்றரை வருஷத்துக்குக் குறையாமல் சாப்பிட வேண்டும் என்றார். நான் அதை ஒழுங்காகக் காதில் வாங்கவில்லை. மாட்டுக்கு ஐந்து நாள் ஊசி போடச் சொல்லியே பழகிய மனசு.

மருந்து தொடங்கிய மறுநாள் மதியம் உடம்பு தூக்கிப்போட்டது. குளிர் என்றால் அப்படி ஒரு குளிர். சித்திரை வெயிலில், ஓட்டு வீட்டில், இரண்டு போர்வைக்குள் பற்கள் அடித்துக்கொண்டன. கணவர் வயலிலிருந்து சேற்றுக் காலோடு ஓடிவந்தார். மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு, "இது உனக்கு ஒத்துக்கல. இத்தோட விட்டுடலாம்" என்றார். பிறகு மருத்துவருக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

மருத்துவர் அவசரப்படாமல் ஒவ்வொன்றாகக் கேட்டார். உதடு வீங்கியிருக்கிறதா, உடம்பில் தடிப்பு தடிப்பாக எழும்பியிருக்கிறதா, மூச்சு விடச் சிரமமா, தொண்டை அடைக்கிறதா. எதற்கும் இல்லை என்றேன்.

"அலர்ஜி மாதிரி தெரியல. சில பேருக்கு முதல் ஒண்ணு ரெண்டு டோஸ்ல கிருமி ஒடையறப்ப இப்படிக் காய்ச்சல் தூக்கும். ஆனா அதை நீங்க வீட்ல இருந்துக்கிட்டு முடிவு பண்ண வேணாம். உங்க வால்வு இருக்கற நெலைமையில நான் பாக்கணும். கெளம்பி வாங்க."

ஒருநாள் படுக்க வைத்து சலைன் ஏற்றினார்கள். நாடியையும் ரத்த அழுத்தத்தையும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். மறுநாள் காலையில் காய்ச்சல் விட்டது. மாத்திரையை நிறுத்தவில்லை.

அன்று அவர் சொன்ன ஒரு வார்த்தையை நான் பிடித்துக்கொண்டேன். கிருமி உடைகிறபோது உடம்பு படும். அது எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. கஷ்டத்துக்கு ஓர் அர்த்தம் கிடைத்த மாதிரி. பிறகு வந்த குமட்டல், தலைச்சுற்றல், மூட்டு வலி எல்லாவற்றையும் அந்தக் கணக்கிலேயே சேர்த்தேன். செல்போனில் தேடினால் என்னைப் போலவே பலர் எழுதியிருந்தார்கள். உண்ணியால் வந்த வேறு வேறு நோய்களோடு உலகத்தின் வேறு வேறு மூலைகளில் இருந்தவர்கள். எவ்வளவு வதைக்கிறதோ அவ்வளவு குணமாகிறது என்று ஒருவருக்கொருவர் தைரியம் சொல்லிக்கொண்டார்கள். நானும் அப்படியே நம்பினேன். வாந்தி எடுத்துவிட்டு வாய் கொப்பளிக்கும்போது உள்ளுக்குள் ஒரு திருப்தி இருந்தது என்றுகூடச் சொல்லலாம்.

மூன்றாவது மாதம் பரிசோதனைக்குப் போனபோது மருத்துவரிடம் அதைப் பெருமையாகவே சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்தினார்.

"மேடம், முதல் ரெண்டு நாள் கதை வேற. மூணாவது மாசம் வாந்தி வந்தா அது கிருமி சாகறது இல்ல. உங்க வயிறு கெஞ்சுது. அதைக் கேக்காம விட்டா நாளைக்கு நீங்களே ஒருநாள் மருந்தைத் தூக்கிப் போட்டுடுவீங்க. கஷ்டப்படறது சிகிச்சையில ஒரு பாகம் இல்ல. எங்கெங்க கொறைக்க முடியுமோ அங்கெல்லாம் கொறைக்கணும்."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பேருந்து ஜன்னலோரம் உட்கார்ந்து அதையே யோசித்தேன். வலிக்கு அர்த்தம் இல்லை என்று கேட்டது முதலில் ஏமாற்றமாக இருந்தது. பாபநாசம் வருவதற்குள் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. தாங்கிக்கொண்டே தீர வேண்டும் என்ற கட்டாயம் போய்விட்டதே.

அன்றிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் வேறு மாதிரி பார்க்க ஆரம்பித்தோம். இது எதனால் வருகிறது, எதை மாற்றினால் குறையும் என்று. பாலும் தயிரும் டாக்ஸிசைக்ளினோடு சேரக் கூடாது, மருந்து உடம்பில் ஏறாது. காவிரிக் கரையில் பிறந்தவளுக்குக் காலைக் காப்பி இல்லாமல் விடிவது எப்படி? கணவர் நேரத்தை மாற்றினார். விடிந்ததும் காப்பி, வெயில் ஏறிய பிறகு பலகாரம், அதன் மேல் மாத்திரையும் ஒரு செம்புத் தண்ணீரும். வயிறு காலியாக இருந்தால் குமட்டும் என்பதால் இட்லியோ இடியாப்பமோ ஏதாவது ஆவியில் வெந்தது. இருபது வருஷமாகச் சீழையும் சாணத்தையும் அளைந்தவள் நான். மருந்தகத்தின் நாற்றம் ஒருநாளும் என்னைப் புரட்டியதில்லை. ஆனால் எண்ணெயில் கடுகு வெடிக்கிற வாசனை என்னைக் கொல்லைப்புறத்துக்கு விரட்டியது. அவர் தாளிப்பதையே கொஞ்ச காலம் விட்டுவிட்டார். தாளிக்காத சாம்பாரையே அவரும் சாப்பிட்டார்.

வெயில்தான் பெரிய பாடு. அந்த மருந்து ஓடும் உடம்பில் வெயில் பட்டால் தோல் வெந்துவிடும். அலுவலக அறையில் வேலை பார்க்கிறவர்களுக்கு அது ஒரு பொருட்டில்லை. எனக்கு வேலையே தொழுவத்திலும் வரப்பிலும். ஆடி மாதத்தில் புறங்கை இரண்டும் சிவந்து கொப்புளித்தன. அப்புறம் கட்டைவிரல் நகங்கள் சதையிலிருந்து மெல்லப் பிரிந்து எழும்பின. ஊசிக் குழாயை அழுத்த முடியவில்லை. ஒரு கன்றுக்கு மருந்து போடும்போது கை நழுவி, மாட்டுக்காரர் என் விரலைப் பார்த்து, "டாக்டரம்மா, நீங்க போய் உக்காருங்க. நாளைக்கு ஓட்டியாறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கணவர் தன் பழைய வெள்ளை முழுக்கைச் சட்டைகளை எடுத்துக் கொடுத்தார். புடவை மேல் அதைப் போட்டு, மணிக்கட்டு வரை பொத்தான் மாட்டி, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டேன். எங்கள் பக்கம் நடவுக்குப் போகிற பெண்கள் எல்லாரும் அப்படித்தான் போவார்கள், வீட்டுக்காரர் சட்டையைப் போட்டுக்கொண்டு. ஒருநாள் கன்று போட முடியாமல் தவித்த ஒரு மாட்டைப் பார்க்க வரப்பில் போய்க்கொண்டிருந்தேன். பக்கத்து வயலில் நடவு நடந்துகொண்டிருந்தது. குழுவை நடத்தும் அம்மா குனிந்த வாக்கிலேயே கூப்பிட்டார்.

"இந்தாம்மா, அங்க நாத்து முடி கெடக்கு பாரு. எடுத்துக்கிட்டு இப்படி எறங்கு. வர்ற நேரமா இது?"

நான் இரண்டு நாற்றுக்கட்டுகளை எடுத்துக்கொண்டு போய் அவர் கையில் கொடுத்தேன். நிமிர்ந்து பார்த்தவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். வயலில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு நல்லதாகப் போயிற்று. ஏன் இந்தக் கோலம் என்று கேட்டார்கள், சொன்னேன். அதன் பிறகு மாடுகளை அதிகாலையிலோ பொழுது சாய்ந்த பிறகோ காட்டுவது என்று ஊரில் தானாகவே ஏற்பட்டுவிட்டது. மதியத்தில் மருந்தகத்துக்கு உள்ளே செய்கிற வேலைகளை மட்டும் வைத்துக்கொண்டேன்.

விஷயம் பரவியதில் இன்னொன்றும் நடந்தது. ஆடு வளர்க்கும் ஒரு அக்கா வீட்டுக்கு வந்தார். முன்பு கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர். ஆடுகளை வைத்தே பெண்ணைச் செவிலியர் படிப்புப் படிக்க வைத்தவர். இரண்டு வருஷம் முன்பு அவர் மந்தையில் ஆடுகள் மாதம் நிறையாமலே வரிசையாகக் குட்டி வீசின. விழாத நஞ்சுக்கொடிகளை நான்தான் எடுத்தேன். கையுறை தீர்ந்துபோயிருந்தது, வெறும் கையால் எடுத்தேன்.

உள்ளே வரச் சொன்னால் வரவில்லை. வாசலிலேயே நின்றார்.

"டாக்டரம்மா, எங்கிட்ட மறைக்காம சொல்லுங்க. என் ஆட்டுலேர்ந்துதான வந்துச்சு?"

"அப்படிச் சொல்ல முடியாதுக்கா. எத்தனை ஆடு பாக்கறேன். எத்தனை உண்ணி புடுங்கிப் போட்டிருக்கேன்."

"எம்பொண்ணு சொன்னுச்சு, குட்டி வீசற ஆட்டுலேர்ந்து வரும்னு. நான்தான ஓடியாந்து உங்களைக் கூட்டிக்கிட்டுப் போனேன். பொழுது போன நேரத்துல."

"கூப்பிட்டா வர்றதுதான்க்கா என் வேலை. அதுல நீங்க செஞ்சது என்ன இருக்கு?"

அவர் சமாதானமாகவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். அவரிடம் வேறு பயம் ஒன்று இருப்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது. அவரும் அதே தொழுவத்தில்தான் படுத்து எழுந்தார். அவருடைய பெண்ணும்தான். என் கணவரோடு அவர்கள் இருவரையும் தஞ்சாவூருக்கு அனுப்பி ரத்தம் பார்க்கச் சொன்னேன். அந்த அக்காவுக்கு எப்போதோ வந்து போனதன் தடம் மட்டும் இருந்தது. மருந்து வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பெண்ணுக்கு ஒன்றுமில்லை. சேதி தெரிந்த அன்று அவர் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து ஒரு டம்ளர் மோர் குடித்துவிட்டுப் போனார்.

ஒரு வருஷம் நெருங்கும்போது நான் சலித்துப்போனேன். சாயங்காலக் காய்ச்சல் எப்போதோ போய்விட்டது. மூச்சு வாங்குவதில்லை. நோயின் வலி எதுவும் என்னிடம் இல்லை. இருந்த வலி எல்லாம் மருந்தின் வலிதான். உள்ளங்கை அரிப்பு, வாயில் எப்போதும் ஒரு கசப்பு, முழங்காலுக்குக் கீழே சாம்பலும் நீலமுமாகப் படர்ந்த திட்டுகள். கண்ணின் உள்திரையை அந்த இன்னொரு மாத்திரை பாதிக்கலாம் என்பதால் கண்ணில் சொட்டு விட்டுப் பார்த்தார்கள். அன்று முழுக்க உலகம் பால் மாதிரி வெளுத்துக் கிடந்தது. கண்ணில் குறையில்லை என்று சொன்ன பிறகும் நான் அழுதேன்.

"போதுங்க. நிறுத்திடப் போறேன்" என்றேன் கணவரிடம். கோடைப் பயிருக்கு உரம் போட்டுவிட்டு வந்து கை கழுவிக்கொண்டிருந்தார். அவர் புத்தி சொல்லவில்லை. அதை எதிர்பார்த்து எல்லாப் பதிலையும் தயாராக வைத்திருந்தேன், வீணாகப் போயிற்று.

"நிறுத்தறதுன்னா அவருகிட்டச் சொல்லிட்டு நிறுத்து. முதல் நாளு நான்தான விட்டுடலாம்னேன். அன்னிக்கும் அவருகிட்டக் கேட்டுட்டுத்தான முடிவு பண்ணோம்."

மறுவாரம் தஞ்சாவூருக்குப் போனோம். மருத்துவரிடம் நேராகவே சொன்னேன். அவர் என்னைக் கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன்.

"எது ரொம்பத் தொந்தரவு? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க" என்றார்.

யோசித்தேன். நகமும் தோலும் கண்ணுக்குத் தெரிகிற தொந்தரவு. ஆனால் என்னைத் தின்றது அது இல்லை. "காலையில எந்திரிச்சதும் இன்னிக்கும் குமட்டப்போகுதுன்னு ஒரு பயம் டாக்டர். அது வர்றதுக்கு முன்னாடியே வந்துடுது" என்றேன்.

அவர் ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்க்கச் சொன்னார். தேவைக்கு மேல் இருந்தது. என் எடை மேலும் குறைந்தபோது மருந்தின் அளவைக் கூடவே குறைத்திருக்க வேண்டும், தானும் அதைக் கவனித்திருக்கலாம் என்று அவரே சொன்னார். ஒன்றைக் கொஞ்சம் குறைத்தார். இன்னொன்றை இரவுச் சாப்பாட்டோடு சேர்த்தார். குமட்டலுக்கு ஒரு சின்ன மாத்திரை கொடுத்தார். பிறகு ரத்தப் பரிசோதனை முடிவுகளை வரிசையாக மேசையில் வைத்து, கிருமிக்கு எதிராக உடம்பு சுரக்கும் எதிர்ப்புப் பொருளின் அளவு ஒவ்வொரு முறையும் எப்படி இறங்கி வந்திருக்கிறது என்று காட்டினார்.

"பாதியில விட்டா வால்வுல மிச்சம் இருக்கறது திரும்ப வளரும். அப்ப அறுவை சிகிச்சை பத்திப் பேசணும். இது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. தாங்க முடியலைன்னா வாங்க. தாங்கற மாதிரி மாத்திக்கலாம். நிறுத்தறது மட்டும் வேணாம்."

குமட்டல் உடனே போய்விடவில்லை. ஆனால் பயம் முதலில் போயிற்று. இரண்டு மூன்று வாரத்தில் ஒருநாள் கணவர் ரசத்துக்குத் தாளித்தார், நான் சமையலறையிலேயே நின்றுகொண்டிருந்தேன்.

மருந்தகத்திலும் ஒரு மாற்றம் வந்தது. முன்பெல்லாம் மருந்தைப் பாதியில் நிறுத்துகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆத்திரம் வரும். எல்லார் முன்னாலும் திட்டியிருக்கிறேன். இப்போது, மருந்து கொடுத்த பிறகு மாடு எப்படி இருந்தது, தீனி எடுத்ததா, கழிந்ததா என்று கேட்கிறேன். நிறையப் பேர் அதற்குப் பதில் வைத்திருந்தார்கள். இவ்வளவு நாள் நான் கேட்டதில்லை.

ஒன்றரை வருஷம் முடிந்து இன்னும் சில மாதம் நீண்டது. கடைசியில் ஒரு தை மாதத்தில், அறுவடை இயந்திரம் எங்கள் வயலில் இறங்கிய வாரம், மருத்துவர் போதும் என்று சொன்னார். வால்வு பழையபடி கொஞ்சம் கெட்டதாகவே இருந்தது, அதன் மேல் ஒட்டியிருந்தது போய்விட்டது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்க்க வேண்டும், ஈனும் பிராணிகளிடம் கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் போகவே கூடாது என்றார். சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். எனக்கு வேலி இல்லாத வீட்டில் படுத்திருப்பது போலிருந்தது.

நிறுத்தி ஒரு மாதம் ஆகியிருக்கும். ஒரு காலை உடம்பு சுட்டது. தொண்டை கட்டியிருந்தது. நான் யாரிடமும் சொல்லாமல் வேலைக்குக் கிளம்பினேன். கணவர் மருந்தகத்துச் சாவியைக் கொடுக்கும்போது என் கையின் சூடு பட்டு, சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பேருந்துக்கு நிற்காமல் கார் பிடித்துத் தஞ்சாவூர் போனோம். வழியெல்லாம் வண்டி ஓட்டியவர் விலைவாசியைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார்.

மருத்துவர் நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். ஸ்கேன் எடுத்தார். ரத்தம் எடுத்து அனுப்பினார். பிறகு என் தொண்டையைப் பார்த்துவிட்டு, "ஊர்ல யாருக்காவது சளி இருக்கா?" என்றார்.

"எங்க மருந்தகத்துல எல்லாருக்கும் இருக்கு" என்றேன்.

"அப்ப உங்களுக்கும் இருக்கு" என்றார்.

ரத்தத்தின் முடிவு வரும் வரை முழுசாக நம்ப முடியவில்லை. வந்தது, இறங்கிய அளவு இறங்கியபடியே இருந்தது. அதற்குள் காய்ச்சல் விட்டுப் போயிருந்தது, மூக்கு மட்டும் ஒழுகிக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். மடி வீங்கிய ஒரு பசு காத்துக்கொண்டிருந்தது.